ஒரு சிரட்டை முருங்கையிலை

மல்லாகத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் ஒரு துணிப்பை. சாறம் இரண்டு, சேட்டு இரண்டு, சவரக்கத்தி, அடையாள அட்டை. மூன்று வருடமாக அந்தப் பையின் அடியில் கிடந்த சேலை இப்போது அதற்குள் இல்லை. வடக்கே மயிலிட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தது. நான் கை காட்டவில்லை.

வழியில் ஒரு முருகன் கோயிலில் சூரன்போர் நடந்தது. குடைகளோடு சனம் வீதியை அடைத்து நின்றது. சூரனைத் தூக்கியவர்களில் ஒருவன் சேற்றில் வழுக்க, சூரன் ஒரு பக்கம் சரிந்து சனத்தைக் கும்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் அது. ஆறு நாளும் உண்ணாமல் இருந்தவர்கள் அடுத்த நாள் காலையில் பாறணை செய்து விரதத்தை முடிப்பார்கள். என் அத்தான் முடிக்கமாட்டார். முப்பத்தொரு வருடம் பிசகாமல் பிடித்த விரதம் அவருக்கு ஐந்தாம் நாள் முறிந்துபோயிற்று. அதை முறித்தவன் நான். அந்த நிறைவோடுதான் மழையில் நடந்தேன்.

பையில் போன் அடித்தது. ஜேர்மனியிலிருந்து அத்தானின் மகள். எடுக்கவில்லை.

அத்தான் என் அக்காவின் புருசன். சண்டிலிப்பாயில் தோட்டக்காரர், புகையிலையும் மரக்கறியும். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதும் குறைவு. வவுனியாவில் வயல் வெட்டினேன், கொழும்பில் ஹோட்டல் குசினியில் நின்றேன், நீர்வேலியில் வாழைக்குலை சுமந்தேன், மேசன்மாருக்குச் சீமெந்து குழைத்தேன். அத்தான் என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆட்களோடு கதைக்கும்போது நான் 'காத்துவழி போனது'.

மூன்று வருடத்துக்கு முன் மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். சண்டிலிப்பாய்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் ஒருவர் தினமும் வருவார். ஒரு நாள் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னடாப்பா, இஞ்சை நிக்கிறாய்? கொக்கான்ரை எட்டு இண்டைக்கெல்லே?"

"எந்த எட்டு?"

அவர் முகம் மாறிப்போனது. என் அக்காவின் எட்டாம் நாள் சடங்கைத்தான் அவர் கேட்டார். காய்ச்சல் என்று படுத்த அக்கா நாலாம் நாள் செத்து, எரித்து, எட்டு நாள் ஆகியிருந்தது. என் போன் என் சாறத்து மடியில்தான் கிடந்தது. சார்ஜும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும். அண்ணனோ தம்பியோ கடையில் வாங்கி, தண்ணீரில் நனைக்காத புதுச் சேலையைக் கொண்டுவந்து பிரேதத்தின் மேல் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். பிறந்த வீடு என்று அக்காவுக்கு மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான். அவள் கோடி இல்லாமல் போனாள்.

அன்று பின்னேரம் சுன்னாகத்தில் ஒரு சேலை வாங்கினேன். நீலக் கரை போட்ட வெள்ளை. போட இடமில்லை என்று தெரிந்துதான் வாங்கினேன். பையின் அடியில் வைத்தேன்.

அத்தானின் வேலிக்கு அங்கால் இருக்கும் மனுசி பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னா. செத்தவீட்டில் யாரோ கேட்டார்களாம், தம்பிக்குச் சொல்லியாச்சோ என்று. அத்தான் சொன்னாராம்: "உவனுக்கு ஆர் சொல்லுறது?"

அந்த மூன்று சொல்லையும் மூன்று வருடம் வைத்திருந்தேன், சேலையோடு சேர்த்து.

போன வருடம் அத்தானுக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது. இருதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, அதனால் உள்ளே இரத்தம் கட்டிபட்டு, அந்தக் கட்டி தலைக்குப் போய்விட்டது என்று டொக்டர் சொன்னாராம். பங்குனி மாதம் மருமகள் ஜேர்மனியிலிருந்து அழுதாள். "மாமா, நீங்கள் எண்டால் சமைப்பியள். அப்பாவோடை கொஞ்ச நாள் இருங்கோ." நான் உடனே ஓம் என்றேன். அவள் என்னைத் தெய்வம் என்றாள். நான் போனது அவரைப் பார்க்க அல்ல. அவர் என்னிடம் தண்ணீர் கேட்பதைப் பார்க்க.

குசினிக்குள் முதல் நாள் போனபோது அடுப்புக்கு மேல் சுவரில் என் போன் நம்பர் இருந்தது. அக்கா கரியால் எழுதி வைத்தது. செத்து இவ்வளவு காலமாகியும் ஒருவரும் அழிக்கவில்லை. நம்பர் தெரியாததால் சொல்லாமல் விடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஏழு மாதம் அந்த நம்பருக்கு முன்னால் நின்றுதான் சமைத்தேன்.

அத்தானுக்கு இரத்தம் இளக்கும் குளிசை கொடுத்திருந்தார்கள். மாதம் ஒரு தடவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் பார்க்கவேண்டும். அங்கே ஒரு தாதி இருந்தா, மிசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இளம்பிள்ளை, கதைப்பதில் களைப்பே இல்லை. முதல் நாளே என்னை இருத்திவைத்துச் சொன்னா.

"அண்ணை, வெட்டுப்பட்டால் இரத்தம் தானாக் கட்டிபடுது எண்டெல்லே நினைக்கிறியள்? இல்லை. ஈரல் அதுக்கெண்டு சில சாமான் செய்து இரத்தத்துக்குள்ளை விடுது. அந்தச் சாமான் வேலை செய்ய விற்றமின் கே வேணும். அது இல்லாட்டில் சாமான் இருந்தும் பிரயோசனமில்லை."

"சீமெந்து கிடந்தும் தண்ணி இல்லாத மாதிரி," என்றேன்.

"ஆ, அப்பிடித்தான்! நீங்கள் மேசனோ? ஒருக்கால் பாவிச்ச விற்றமினை உடம்பு திருப்பிச் சரிக்கட்டித் திரும்பவும் பாவிக்கும். இந்தக் குளிசை அந்தத் திருப்பலை மறிக்குது. அதாலை இரத்தம் கெதியாக் கட்டிபடாது."

"அந்த விற்றமின் எங்கையிருந்து வருது?"

"கூட வாறது பச்சை இலையிலை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை. கீரை கூடினால் குளிசை தோத்துப்போம், திரும்பக் கட்டிபடும். கீரை குறைஞ்சால் குளிசை வெண்டுபோடும், இரத்தம் ஓடினால் நிக்காது. இது உடம்பிலை கனநாள் தங்கிற விற்றமினும் இல்லை. அதாலை கீரையை விடச் சொல்லேல்லை, ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அத்தான், "பெட்டைக்கு வாய் கூட," என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக் கழுவி, துளையில் கயிறு போட்டு, குசினிக் கூரையைத் தாங்கும் கப்பில் கொழுவினேன். வளவில் முருங்கை நின்றது. தினமும் இலையை உருவி, அந்தச் சிரட்டையில் அமத்தாமல் நிரப்பி, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுப்பேன். ஒரு நாளும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிளினிக்கில் அவருடைய இரத்தம் உறைய எடுக்கும் நேரக் கணக்கு நேர்கோடாக நின்றது. "ஆர் ஐயாவுக்குச் சமைக்கிறது?" என்று டொக்டர் கேட்டு என்னைப் பாராட்டினார். பாசத்தில் செய்தேன் என்று அவர் நினைத்திருப்பார். கூட்டினால் என்ன நடக்கும், குறைத்தால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு காலையும் அந்தச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். ஒரு மனிதனின் உயிர் சிரட்டை அளவில் கையில் இருப்பது நல்ல சுகம். கோபம் ஆறாமல் இருக்க அது உதவியது.

ஐப்பசியில் சஷ்டி வந்தது.

"நாளையிலையிருந்து எனக்குச் சமைக்காதை," என்றார் அத்தான். "விடியக் கோயில் தீர்த்தமும் இளநியும். பொழுதுபட ஒரு பேணி பால். ஆறு நாளும் அவ்வளவுதான்."

நான் சிரட்டையோடு நின்றேன். "கிளினிக்கிலை சொன்னவையெல்லே, சாப்பாட்டை மாத்த வேண்டாம் எண்டு?"

"கீரையைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் எண்டுதானே சொன்னவை? நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சாப்பிடேல்லை. அது வேறை."

"அப்ப குளிசை?"

"குளிசை மருந்தடா. மருந்துக்கு விரதத்திலை விலக்கில்லை. எட்டாம் வகுப்பு எனக்கு விரதம் படிப்பிக்க வெளிக்கிட்டுது!"

அந்த இடத்தில் நான் விளக்கியிருக்கலாம். மிசி சொன்ன மாதிரியே, சீமெந்தும் தண்ணீரும் என்று. அவர் கேட்டிருக்கமாட்டார், ஆனால் மருமகளுக்குச் சொன்னால் அவள் ஜேர்மனியிலிருந்து கத்தி நிறுத்தியிருப்பாள். எனக்குத் தெரியும். "சரி அத்தான்," என்றேன். சிரட்டையைக் கப்பில் கொழுவினேன். ஒவ்வொரு நாளும் பொழுதுபட, பாலோடு குளிசையையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. "வேப்பங்குச்சி குத்திப்போட்டுது," என்றார். நாலாம் நாள் இடது முழங்கைக்குக் கீழே வெற்றிலை அளவில் ஒரு கண்டல். எங்கும் அடிபடவில்லை. வேலிக்கு அங்கால் மனுசி வந்து எட்டிப் பார்த்து, "ஐயான்ரை முகத்திலை ஒரு வெளிச்சம் தெரியுது, விரதக்களை," என்றா. வெளிறிப்போயிருந்த முகத்தை அத்தான் பெருமையாகத் தடவிக்கொண்டார். நான் குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

அன்று பொழுதுபட, பால் பேணியைக் கொடுக்கும்போது கேட்டேன். அதுவரை கேட்டதில்லை.

"அத்தான், அக்கா செத்த நேரம் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் பாலை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "விரத நாளிலை இழவுக் கதை கதைக்காதை. போ."

போனேன். மன்னிப்பென்று ஒரு சொல், அல்லது 'மறந்துபோனன்' என்று ஒரு பொய், ஏதாவது ஒன்று அவர் வாயில் வந்திருந்தால் அந்த நேரமே மருமகளுக்குப் போன் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் விடிய அவருடைய மூக்கால் இரத்தம் வந்தது. துவாயைக் கொடுத்தேன். அழுத்திப் பிடித்தார். நிமிர்ந்திருந்தார், குனிந்திருந்தார். முதலாவது துவாய் நனைந்து இரண்டாவது துவாய் வந்தது. கோயில் மணி கேட்டது. "முருகா," என்றார். நான் குசினி வாசலில் பலகைக்கட்டையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது துவாயில் அவருடைய குரல் மாறிவிட்டது.

"டேய்... நிக்குதில்லையடா."

அவர் சாகவேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை என்று எழுதினால் பொய். நினைத்தேன். அந்தப் பலகைக்கட்டையில் இருந்தும் நினைத்தேன். திரும்பியபோது சுவரில் அக்கா எழுதிய நம்பர் தெரிந்தது. அப்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. இப்படியே விட்டால் அவர் ஒன்றும் தெரியாமல் போய்விடுவார். விரதத்தில் செத்த புண்ணியவான் என்று ஊர் சொல்லும். முருகனே கூட்டிக்கொண்டு போனான் என்பார்கள். அதை நான் அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. அவருக்குத் தெரியவேண்டும். தெரிவதற்கு ஆள் உயிரோடு இருக்கவேண்டும்.

சந்திக்கு ஓடிப்போய் ஓட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கணக்கு எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை. சஷ்டி."

"எத்தினை நாள்?"

"இண்டைக்கு அஞ்சு."

"குளிசை?"

"ஒரு நாளும் விடேல்லை."

டொக்டர் பேனையை மேசையில் போட்டார். "சாப்பாட்டாலை வாற விற்றமின் கே நிண்டுபோச்சு. மறிக்கிற குளிசை மட்டும் உள்ளை போகுது. பிறகு இரத்தம் எப்பிடி உறையும்? வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாதோ?"

அத்தான் கட்டிலில் மூக்கில் பஞ்சோடு என்னைப் பார்த்தார்.

கையில் ஊசி ஏற்றி, போத்தலில் மருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. கிளினிக்கில் பார்த்த அதே மிசி அன்று வாட்டில் நின்றா. அத்தான் பஞ்சுக்குள்ளால் கேட்டார்: "மிசி, இது விரதத்தை முறிக்குமோ?"

"இது மருந்து ஐயா. விற்றமின் கே. கீரைக்குள்ளை கிடக்கிற அதே சாமான்தான்."

மருந்து என்பதோடு அவர் நிம்மதியாகியிருப்பார். நான் விடவில்லை. காதுக்குக் கிட்டக் குனிந்து, பக்கத்துக் கட்டில்காரரும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"கேட்டியளோ அத்தான்? முருங்கையிலைச் சத்து. நேரா நரம்புக்குள்ளை. வாயாலை சாப்பிட்டால்தான் சாப்பாடோ? விரதம் முறிஞ்சுபோச்சு."

"அண்ணை, சும்மா இருங்கோ, உந்தாளைப் பயப்படுத்தாதையுங்கோ," என்று மிசி ஏசினா. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணால் தண்ணீர் வழிந்தது. முப்பத்தொரு வருடம். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு நடுக்கம் எடுத்தது. "குளிருதடா. போர்க்க ஒண்டு தா." அவசரத்தில் வந்ததால் கட்டிலில் ஆஸ்பத்திரிச் சீலை ஒன்றுதான், அதுவும் இரத்தம். எங்கே போனாலும் விடாத என் துணிப்பை என்னோடு இருந்தது. சாறத்தையும் எடுத்துப் போர்த்தியிருக்கலாம். நான் அடியில் கையை விட்டேன். மடிப்புக் குலையாத சேலையை உதறி விரித்து, காலிலிருந்து நெஞ்சுவரை போர்த்தினேன்.

கஞ்சிப் பசை மணம் அவருக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். இடது கையால் தடவினார். "இது ஆற்றை சீலை?"

"அக்கான்ரை. நான் போடாத கோடி."

பக்கத்துக் கட்டில்காரர் இப்போது சிரிக்கவில்லை. உயிரோடு கிடக்கிறவன்மேல் கோடி போடுவதென்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அத்தான் என்னைப் பார்த்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார்.

"சாப்பிடாட்டில் இப்பிடி வரும் எண்டு உனக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம்."

"முதல் நாளே?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

மூன்று வருடம் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். "உங்களுக்கு ஆர் சொல்லுறது, அத்தான்?"

அவருடைய முகத்தில் ஏதோ அசைந்தது. எங்கே முதலில் சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று நினைவு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்தது என்று வைத்துக்கொண்டேன். கத்துவார், சேலையை உதறி எறிவார் என்று காத்து நின்றேன். அவர் எறியவில்லை. இடது கையால் அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். குளிர் அவ்வளவு. அந்த ஒன்று மட்டும் நான் நினைத்தபடி அமையவில்லை.

அடுத்த நாள் கணக்கு இறங்கிவிட்டது. இரத்தம் நின்றுவிட்டது. மத்தியானம் சோறும் பருப்பும் கீரையும் வந்தது. வலக்கை வராதவருக்கு நான்தான் ஊட்டினேன். ஊரில் சூரன்போருக்கு ஆயத்தம் நடக்கும் நேரம், ஒரு பிடி கீரைச் சோற்றை அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். கீரையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். வேலிக்கு அங்கால் மனுசியின் புருசன் வந்து கட்டிலடியில் இருந்ததும், கை கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சேலை அவர் மேலேயே கிடந்தது.

மயிலிட்டிக்கு வந்துசேர இருட்டிவிட்டது. துறைமுகத்தில் மீனவர் தங்கும் வாடி ஒன்றில் படுத்தேன். விடிய எழும்பி முகம் கழுவும்போது போன் திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"மாமா, எங்கை நிக்கிறியள்? அப்பா ஒண்டும் சொல்லுறாரில்லை. உங்களோடை என்ன கோவம் எண்டு கேட்டால் வாய் திறக்கிறாரில்லை."

"கோவமில்லை பிள்ளை. எனக்கு வேலை வந்திட்டுது."

"இனி ஆர் மாமா சமைக்கிறது?"

"ஆரையும் பிடி. குசினிக் கப்பிலை ஒரு சிரட்டை தொங்குது. வாற ஆளுக்குச் சொல்லு, ஒரு நாளைக்கு அந்தச் சிரட்டையாலை ஒரு சிரட்டை முருங்கையிலை, அமத்தாமல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், விரதமும் வேண்டாம். எழுதிக்கொள்."

அவள் எழுதிக்கொண்டாள். சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். எங்கள் இரண்டு பேரில் அதைச் செய்தவன் நான் என்பது அத்தானுக்கு எட்டும். அது அவருக்கு ஒவ்வொரு நாளும் சோற்றோடு போகட்டும்.

எனக்கு முன்பு வேலை தந்த வள்ளக்காரர், பழைய சம்மாட்டியார், ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும், "காத்து திரும்ப இஞ்சாலை அடிக்குதோ?" என்றார். கோடாலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். மூன்று வருடத்துக்கு முன் செய்த அதே வேலை, ஐஸ் உடைத்து மீன் பெட்டிக்குப் போடுவது. ஏழு மாதக் குசினி வேலையில் கை மெத்தென்று போயிருந்தது. பத்தாவது பெட்டியில் பாரைமீன் செட்டை பெருவிரலைக் கிழித்தது.

"காயமோ?" என்றார் சம்மாட்டியார்.

விரலை ஐஸுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ஐஸ் சிவந்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தேன்.

"நிண்டிட்டுது," என்றேன். அடுத்த பெட்டியை இழுத்தேன்.